அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய பேய்

"உள்ள போங்க கண்ணுங்களா, மணி ஒம்போதாச்சு" என்றார் கந்தவேல்.

பதினான்கு பெண்களும் கையில் பிசிறு வெட்டும் கத்தரியோடு குடோன் வாசலில் நின்றார்கள். ஒருத்தியும் அசையவில்லை.

"போக மாட்டோம்ணே" என்றாள் அனுசுயா. "உள்ள அது இருக்கு."

"எது இருக்கு?"

"பதினொண்ணு."

கந்தவேலுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. புரிந்ததும் குடோனுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பயத்தோடு பயமாக ஒரு ஓரத்தில் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

திருப்பூர்ப் பக்கம் நெருப்பெரிச்சலில் இருக்கும் அந்த பனியன் கம்பெனியில் கந்தவேல் செக்கிங் இன்சார்ஜ். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ இருந்தால் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைப்பது அவர் பிரிவின் வேலை. அது வயிற்றுக்கு. மனசுக்கு அவர் வேறொரு வேலை வைத்திருந்தார். காதர்பேட்டையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில், நூல் விலை நிலவரத்துக்குக் கீழே, பேய்ப்படங்களுக்கும் கொலைப்படங்களுக்கும் விமர்சனம் எழுதி வந்தார். கொரியா, ஜப்பான், ஸ்பெயின் என்று எந்த நாட்டுப் பேயாக இருந்தாலும் டிவிடி கிடைத்துவிட்டால் விடமாட்டார். அந்தப் பாஷையெல்லாம் தெரியுமா என்று கேட்டால், "பேய்க்கு எதுக்குங்க பாஷை?" என்பார்.

படத்தையும் அவர் பனியன் மாதிரிதான் பார்ப்பார். 'முதல் பாதி நல்ல துணி. இடைவேளைக்குப் பிறகு மூன்று இடங்களில் தையல் விட்டிருக்கிறது' என்று எழுதுவார். ஆறு வருஷமாக எழுதியும், படித்தேன் என்று ஒரு ஆத்மா அவரிடம் சொன்னதில்லை. நூல் விலை பார்க்கிறவன் அதற்குக் கீழே பார்ப்பதில்லை.

அதனால்தான் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் அனுசுயா, "என்ன படம்ணே பாத்தீங்க?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டதும் மனிதர் மடை திறந்துவிட்டார்.

ஒரு கிடங்கில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து சட்டை மடிக்கிறாள். பத்துப் பத்தாக அடுக்குகிறாள். எண்ணினால் பதினொன்று இருக்கிறது. ஒன்றை எடுத்துத் தூரப் போடுகிறாள். மறுபடி எண்ணினால் மறுபடியும் பதினொன்று. அந்தப் பதினோராவது சட்டை மட்டும், யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி உடம்புச் சூட்டோடு இருக்கிறது.

பதினான்கு பேரும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்கள். முடிவை மட்டும் கந்தவேல் சொல்லவில்லை. முடிவைச் சொல்வது விமர்சகனுக்கு அழகல்ல என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த முடிவு பதினான்கு வீடுகளில் பதினான்கு விதமாக வளர்ந்துவிட்டது போலிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். முன் ஹாலில் மெஷின்களைப் போட வேண்டியிருந்ததால், துணி அடுக்கும் குடோனைக் காலி செய்து செக்கிங்குக்குக் கொடுத்து மூன்று வருஷம் ஆயிற்று. நாலு பக்கமும் சுவர், மேலே சிமெண்ட் ஷீட், ஒரு கதவு, ஒரு டியூப் லைட், சுற்றும்போதெல்லாம் முனகுகிற ஒரு ஃபேன். ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் பீஸ் அது வழியாக வெளியே நடந்துவிடும் என்பது முதலாளி ஆறுச்சாமியின் கொள்கை.

செக்கிங் ஆகவேண்டியது ஆறாயிரம் குழந்தைச் சட்டை, அத்தனையும் வெள்ளை. அடுத்த திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து சரக்கு வாங்கும் பையருடைய இன்ஸ்பெக்டர் வருகிறார். வெள்ளைத் துணியை வாசலில் போட்டுப் பிரித்தால் நெருப்பெரிச்சல் புழுதி அதைக் காவித்துணி ஆக்கிவிடும்.

விஷயம் ஆறுச்சாமி காதுக்குப் போனது. வந்தார். ஆறுச்சாமிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும்.

"ஏனுங்க கந்தவேலு, பேயைக் கம்பெனிக்குக் கூட்டியாந்தது நீங்கதானுங்களா?"

"படம்தானுங்க சொன்னேன்..."

"ரொம்ப சந்தோசமுங்க. அடுத்த திங்கக்கெழமைக்குள்ள ஆறாயிரம் பீசும் முடிஞ்சிருக்கோணுமுங்க. முடியலீன்னா பேயும் நீங்களும் ஒண்ணா ஊட்டுக்குப் போயிருங்க. ரெண்டு பேருத்துக்கும் ஒரே வண்டி போதுமுங்க."

ஒரு பேச்சில் அத்தனை 'ங்க' வந்தால் அந்தக் கம்பெனியில் வேலை போச்சு என்று அர்த்தம். கந்தவேலுக்கு வயது நாற்பத்திமூன்று. மகள் நித்யஸ்ரீ பத்தாம் வகுப்புப் போகிறாள். பேய்ப்பட விமர்சனம் எழுதத் தெரியும் என்று சொன்னால் வேறு எந்த பனியன் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்கள்? இந்தக் கம்பெனியை விட்டுப் போவதில்லை, பேய்தான் போக வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினார்.

"எல்லாரும் இங்க பாருங்க" என்று ஒரு சட்டைக் கட்டை எடுத்து வந்து வாசலில் வைத்துப் பிரித்தார். "ஒரு கட்டுக்குப் பத்து பீஸ். நானே எண்ணறேன். பதினொண்ணும் இல்ல, பன்னெண்டும் இல்ல."

ஒவ்வொன்றாக எடுத்து அனுசுயா கையில் கொடுத்து எண்ணினார். "எட்டு... ஒம்போது... பத்து!" என்று வெற்றியோடு நிமிர்ந்தார்.

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்கள். கையில் இன்னொரு சட்டை இருந்தது.

"அண்ணே" என்றாள் அனுசுயா மெதுவாக, "சூடா இருக்கா?"

கந்தவேல் தொட்டுப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது. சித்திரை மாதம் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே கிடந்த துணி வேறெப்படி இருக்கும்? டேமேஜுக்கு ஈடாகத் தையல் பிரிவில் சில கட்டுகளில் ஒரு பீஸ் சேர்த்துக் கட்டுவதும் அவருக்குத் தெரியாததல்ல. எல்லாம் தெரிந்த மனிதர் ஏன் 'ஐயோ' என்று கத்திச் சட்டையை வீசினார் என்று கேட்டால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அவர் போட்ட சத்தத்தில் முன் ஹாலில் தையல்காரர்களும் எழுந்து ஓடிவந்தார்கள். தொண்ணூறு மெஷின் கால் மணி நேரம் நின்றது.

ஆறுச்சாமி மறுபேச்சுப் பேசாமல் பூசாரியை வரவழைத்தார். கற்பூரம் ஏற்றி, குடோனை மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள்.

"இப்பப் போங்க" என்றார் கந்தவேல்.

"இப்பத்தாண்ணே ரொம்பப் பயமா இருக்கு" என்றாள் அனுசுயா. "இவ்வளவு நேரம் நாங்களாச் சொல்லிக்கிட்டு இருந்தோம். உள்ள ஒண்ணுமே இல்லன்னா மொதலாளி எதுக்குப் பூசணிக்கா வாங்கி ஒடைக்காரு? அவரு காரணமில்லாம ஒரு எலுமிச்சம்பழம் கூட வாங்க மாட்டாருல்ல?"

கந்தவேல் உடைந்த பூசணிக்காயைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கந்தவேல் யோசித்தார். பூசாரி தோற்ற இடத்தில் ஜெயிக்க வேண்டியது யார்? விமர்சகன். பேய்ப்படம் எப்படிப் பயமுறுத்துகிறது என்று பிரித்துக் காட்டிவிட்டால் பயம் தானாகக் கழன்றுவிடும். ஆறு வருஷமாக எழுதியது இந்த ஒரு நாளுக்காகத்தான் என்றே அவருக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலையில் பதினான்கு பேரையும் கேண்டீன் டிவி முன்னால் உட்கார வைத்தார். ஒரு டிவிடியைப் போட்டு, பேய் வருகிற இடத்தில் ஒலியை அடைத்தார். சத்தமில்லாமல் வந்த பேய், பஸ்ஸைக் கோட்டைவிட்டவள் மாதிரி தலைவிரி கோலமாக ஓடிவந்து நின்று மூச்சு வாங்கியது. எல்லோரும் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா? பயம் தானா வர்றதில்ல கண்ணு, தைக்கறது" என்றார் கந்தவேல். "மொதல்ல வெளிச்சத்தைக் கொறைப்பான். ரெண்டாவது, சத்தத்தை நிறுத்திட்டு ஒரு முனகலை மட்டும் விடுவான். மூணாவது, தப்பிக்க வழியில்லாம நாலு செவுத்துக்குள்ள ஆளை அடைப்பான். இந்த மூணு தையலையும் பிரிச்சுட்டா பேய் வெறும் துணி."

அனுசுயா ஒரு அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். கந்தவேல் அதைப் பார்த்தார். தன் வார்த்தையை ஒருத்தி எழுதி வைத்துக்கொள்கிறாள்! இன்னும் அரை மணி நேரம் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிரிவிலேயே மூத்தவளான கருத்தம்மா மட்டும் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு நாளும் படத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. ரசனை எல்லோருக்கும் வாய்க்குமா என்று கந்தவேல் அவளை விட்டுவிட்டார்.

பத்தரை மணிக்கு எல்லோரும் குடோனுக்குள் போனார்கள். கத்தரிகள் வேலை செய்யத் தொடங்கின. கந்தவேல் வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

பத்து ஐம்பதுக்குக் கரண்ட் போனது.

2008-ஆம் வருஷத்துத் திருப்பூரில் கரண்ட் போவது ஒரு செய்தியே அல்ல. ஆனால் தொண்ணூறு மெஷின் ஒரே நொடியில் நின்றால் வருகிற அமைதி இருக்கிறதே, அதைக் கேட்டவனுக்குத்தான் தெரியும். டியூப் லைட் அணைந்து, ஃபேன் கடைசியாக ஒரு முறை முனகி நின்றது.

பதினான்கு பேரும் வெளியே இருந்தார்கள்.

"வெளிச்சம் கொறைஞ்சிருச்சு, சத்தமும் நின்னுருச்சு" என்று விரலை மடக்கினாள் அனுசுயா. "ரெண்டு தையல் ஆச்சுண்ணே. மூணாவதுதான் ஏற்கெனவே நாலு பக்கமும் இருக்கே! உசிரு முக்கியம்னு வந்துட்டோம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஆனால் பூதத்தைக் கண்டு கிணற்றைப் பாதியில் விடுகிற ஆள் கந்தவேல் இல்லை. எலெக்ட்ரீஷியன் ராக்கையாவைக் கூட்டிக்கொண்டு ஆறுச்சாமியிடம் போனார்.

"ஜெனரேட்டர் லைன் முன் ஹாலுக்கு மட்டும்தானுங்க இருக்குது. குடோனுக்கும் இழுத்துட்டா கரண்ட் போனாலும் வெளிச்சம் போகாதுங்க. வெளிச்சம் போகலீன்னா பயம் வராதுங்க."

"எத்தனை லைட்டுங்க?"

"நாலு டியூப் லைட் போட்டாத்தானுங்க இருட்டு மூலை இல்லாம இருக்கும். அந்த முனகற ஃபேனையும் மாத்திப்போடலாமுங்க. சத்தம்தானுங்க ரெண்டாவது தையல்."

"எந்தத் தையலுங்க?"

கந்தவேல் விளக்கத் தொடங்கினார். விளக்கம் முடிவதற்குள் ஆறுச்சாமி, "போடுங்க, போடுங்க, போட்டுட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை நாலு டியூப் லைட்டும், முனகாத ஃபேன் மூன்றும் வந்தன. வியாழக்கிழமை காலையில் குடோன் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. பெண்கள் உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் வேலை செய்தார்கள். பிறகு வரிசையாக வெளியே வந்தார்கள்.

"இப்ப என்ன கண்ணு?" கந்தவேல் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

"வெளிச்சம் வந்ததும் மோசமாயிருச்சுண்ணே. முன்னாடி மூலையே தெரியாது. இப்ப மூலை இருக்குன்னு நல்லாத் தெரியுது."

முடிக்க வேண்டிய ஆறாயிரத்தில் அதுவரை எண்ணூறுதான் முடிந்திருந்தது. நாள் மூன்று போய்விட்டது. அப்போதுதான் கந்தவேலுக்குத் தன் தொழில் கைகொடுத்தது. இருபது வருஷம் செக்கிங்கில் இருந்தவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்தக் குறையாக இருந்தாலும் அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் பாதி சரியான மாதிரி. எங்கே என்று தெரியாத குறைதான் ஷிப்மெண்டைக் கவிழ்க்கும்.

ஆளுக்கு ஒரு பட்டை அம்பு ஸ்டிக்கர் கொடுத்தார்.

"இந்த ரூம்ல எங்கெங்க பயமா இருக்குதோ அங்கங்க ஒட்டுங்க. எது பெருசு, எது சின்னதுன்னு பிரிச்சு ஒவ்வொண்ணா ரிப்பேர் பண்ணிப்போடலாம்."

கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தார். கதவில் இரண்டு அம்பு. மேசைக்கு அடியில் ஒன்று. வடக்குச் சுவரில் நூற்றுப் பத்து.

வடக்குச் சுவர் வெறும் சுவர். ஆணி கூடக் கிடையாது.

"இங்க ஒண்ணுமே இல்லையே கண்ணு!"

"ஒண்ணுமே இல்லாததுதாண்ணே பயமா இருக்கு" என்றாள் அனுசுயா. "பேயக் காட்டிட்டா பயம் போயிரும், காட்டாத வரைக்குந்தான் பயம்னு நீங்கதான சொன்னீங்க? அந்தச் செவுத்துக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியலல்ல?"

கந்தவேல் கண் கலங்கிவிட்டது. இந்தக் கருத்தை அவர் போன வருஷம் ஒரு ஸ்பெயின் படத்துக்கு எழுதியிருந்தார். பத்திரிகைக்காரர்கள் இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள். வேலை போனாலும் போகட்டும், ஒரு நல்ல ரசிகை கிடைத்துவிட்டாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். அடுத்த நிமிஷம் நித்யஸ்ரீ ஞாபகம் வந்து அந்த நினைப்பை அழித்தார்.

ஆறுச்சாமி வந்து சுவரைப் பார்த்தார்.

"செவுத்துல என்னுங்க இருக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க. அதுதானுங்க பிரச்சினை."

"அதுக்கு என்னுங்க பண்ணோணும்?"

"அடைபட்ட ஃப்ரேமை உடைச்சு விடோணுமுங்க."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"ரெண்டு ஜன்னல் வெக்கோணுமுங்க."

ஆறுச்சாமி முகம் மாறியது. லைட் கேட்டால் கொடுப்பார், ஃபேன் கேட்டால் கொடுப்பார். ஜன்னல் என்பது கொள்கை. கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

"வெறுஞ் செவுருதானுங்க பயம்? வெறுஞ் செவுரா இல்லாமப் பண்ணிட்டாப் போச்சு. எங்கப்பாரு படத்தை மாட்டிரலாமுங்க. அவரு இருக்கையில ஊரே நடுங்கும். பேயெல்லாம் அவருகிட்ட எம்மாத்திரம்?"

ஆபீஸ் ரூமில் இருந்த பெரிய படம் வந்தது. முறுக்கு மீசை, உருண்டைக் கண், வெற்று மார்பு. ஆறுச்சாமி தன் கையாலேயே வடக்குச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, மாலை போட்டு, கண்ணாடி மேல் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பதினான்கு பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"அண்ணே, இதுவரைக்கும் அது யாருன்னு தெரியாம இருந்துச்சு" என்றாள் அனுசுயா. "இப்ப மூஞ்சி தெரிஞ்சுபோச்சு."

முதலாளியின் அப்பாவைப் பேய் என்கிறார்கள் என்று முதலாளியிடம் எப்படிச் சொல்வது? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். கந்தவேல் முதலாளி செலவில் வைத்துக்கொண்டார். வாசல் படியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்தார். சனிக்கிழமை அனுசுயா கேட்டபோது, 'படம் ஒண்ணும் பாக்கல கண்ணு' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே!

அப்போதுதான் கருத்தம்மா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தம்பி."

"என்னக்கா?"

"உள்ள போயிப் பாருங்க. பெரியவருக்கு வேர்க்குது."

கந்தவேல் போய்ப் பார்த்தார். நெற்றிச் சந்தனம் கரைந்து, மூக்கோரமாக இறங்கி, கன்னம் வரைக்கும் வந்திருந்தது. குங்குமம் மீசையில் நின்றிருந்தது. பெரியவர் உண்மையிலேயே புழுங்கிக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது. கந்தவேலுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் ஓடவில்லை. ஓடினால் கதை முடிந்துவிடும். நேராக ஆபீஸ் ரூமுக்குப் போனார்.

"ஒரு எட்டு வந்து பாருங்க. நான் சொன்னா நல்லாருக்காதுங்க."

ஆறுச்சாமி வந்தார். படத்தைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டார். அவர் அந்த அறைக்குள் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல நின்றது அந்த மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அந்த நேரம் பார்த்து மறுபடி கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்கக் கொஞ்சம் தாமதமானது.

கதவு திறந்தபோது வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து தாரை தாரையாக வேர்வை. கண்ணிலிருந்து வந்தது என்ன என்று தனியாகச் சொல்ல முடியவில்லை.

"எங்கப்பாரு ஒரு நாள் கூடச் சட்டை போட்டதில்லீங்க" என்றார் மெதுவாக. "களத்துல காத்தோட்டமாக் கட்டிலைப் போட்டு உக்காந்திருப்பாரு. கடைசி நாள்ல கூட ஆஸ்பத்திரி வேண்டாம், காத்து வராதுன்னுதான் சொன்னாரு. அவரைக் கொண்டாந்து இதுக்குள்ள அடைச்சுப்போட்டனே! மனுசன் இருக்கற எடமாங்க இது?"

கருத்தம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ராக்கையாவைக் கூப்புடுங்க. கொத்தனாரையும் கூட்டியாரச் சொல்லுங்க. எங்கப்பாருக்கு இந்தப்பக்கம் ஒரு ஜன்னல், அந்தப்பக்கம் ஒரு ஜன்னல். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வெச்சாகோணும்."

கந்தவேலுக்கு விசுவாசம் பொறுக்கவில்லை. "பீசு வெளிய போயிருமேங்க?"

"கம்பி வலை அடிங்க. மிச்சத்தை எங்கப்பாரு பாத்துக்குவாரு."

வெள்ளிக்கிழமை காலையில் வடக்குச் சுவர் உடைந்தது. நூற்றுப் பத்து அம்பும் செங்கல்லோடு செங்கல்லாகக் கீழே விழுந்தன. மத்தியானம் இரண்டு மணிக்கு இரண்டு ஜன்னலும் நின்றன. வெளியே பார்த்தால் ஒரு வேலிக்காத்தான் புதரும் யாரோ கட்டிப்போட்ட ஒரு ஆடும் தெரிந்தன. சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தது அவ்வளவுதான். அனுசுயா ஆட்டைப் பார்த்துச் சிரித்தாள். வடக்கேயிருந்து காற்று வந்து மேசை மேல் இருந்த வெள்ளைச் சட்டைகளின் கைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. கந்தவேலுக்கு ஒரு நொடி திக்கென்றது. பெண்கள் கவலைப்படாமல் அவற்றை மடித்து அடுக்கினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு பேச்சில்லை, ஒரு பயமில்லை. நாலு நாள் வேலையை ஒன்றரை நாளில் முடித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பெட்டியை ஒட்டும்போது கந்தவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தையலும் பிரிந்துவிட்டது. பேய் வெறும் துணி ஆகிவிட்டது. பூசாரியால் முடியாததை விமர்சனம் முடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதையே பத்திரிகைக்கு மூன்று பக்கம் எழுதினார்.

திங்கட்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் பத்துப் பெட்டியைத் திறந்து பார்த்து, ஒரு குறையும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். போகும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, நல்ல வெளிச்சம், நல்ல காற்று என்று ஆங்கிலத்தில் ஆறுச்சாமியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறுச்சாமி கந்தவேலின் தோளில் கையை வைத்தார். "நல்லாப் பண்ணிட்டே கந்தவேலு" என்றார். ஒரு 'ங்க' கூட இல்லை. கந்தவேலுக்கு உயிர் வந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவர் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பெண்களோடு ஜன்னலோரமாகவே உட்கார்ந்தார். தயிர்சோற்றைப் பிசைந்தபடி, விமர்சனம் என்றால் என்ன, அது மனிதனைப் பயத்திலிருந்து எப்படி விடுவிக்கிறது என்று பதினைந்து நிமிஷம் பேசினார். பதினான்கு பேரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"நீங்க பட்டதெல்லாம் போதும் கண்ணு" என்று முடித்தார். "இனிமே பேய்ப்படம் சொல்லமாட்டேன். சிரிப்புப் படமா ஒண்ணு சொல்றேன்."

அனுசுயா பதறிப்போய்க் கருத்தம்மாவைப் பார்த்தாள். மற்ற பன்னிரண்டு பேரும் கருத்தம்மாவைப் பார்த்தார்கள். கருத்தம்மா தட்டைக் கழுவி ஜன்னல் வழியாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கந்தவேலுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சிரிப்புப் படமெல்லாம் வேண்டாம் தம்பி, கக்கூஸ்ல நடக்குற பேய்ப்படம் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க, அந்தக் கதவுக்குத் தாப்பா போடச் சொல்லி நாங்களும் ரெண்டு வருசமா வாயால கேட்டுப் பாத்துட்டோம்."